ஏழாம் நம்பர் பட்டன்

சாயங்காலம் ஏழரை மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்து டிவி பார்ப்பதாக நீங்கள் நினைத்தால் அது உங்கள் தப்பு. நாற்பதாயிரம் பேர் பார்க்கிறோம். இதை நானாகச் சொல்லவில்லை. மக்கள் ரசனை அளவீட்டு வாரியம் எழுத்தில் கொடுத்திருக்கிறது. கீழே முத்திரைகூட இருக்கிறது.

நான் வீடு வீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுக்கிறவன். இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். வீடு பூட்டியிருந்தால் 'டோர் லாக்' என்று எழுதி, போன தடவை என்ன வந்ததோ அந்தச் சராசரியையே போட்டுவிடுவேன். இது எங்கள் துறையில் எல்லோரும் செய்வது. அடுத்தவன் வீட்டு மீட்டரை எட்டிப் பார்த்தே காலத்தை ஓட்டிய எனக்கு, என் வீட்டுக்குள் ஒரு மீட்டர் வந்து உட்கார்ந்து என்னை எட்டிப் பார்க்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வாரியத்தின் கள அலுவலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர், கக்கத்தில் கறுப்புப் பெட்டி. என் மனைவி அன்றைக்கே அவருக்குப் பட்டன்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"உங்க வீட்டை கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்திருக்கு சார்" என்றார்.

"எதுக்கு?"

"மக்களா இருக்கறதுக்கு."

"அப்போ இத்தனை நாள் நாங்க என்னவா இருந்தோம்?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள். பட்டன்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே கிடையாது.

பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் திருகி வைத்தார். அதில் ஏழு பட்டன்கள். ஒன்றாம் நம்பர் நான். இரண்டாம் நம்பர் என் மனைவி. மூன்றாம் நம்பர் எங்கள் மகளுக்கு. அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றதும் அந்தப் பட்டன்மேல் டேப் ஒட்டினார். நான்கு, ஐந்து, ஆறு யாருக்கும் இல்லை, அவற்றின்மேலும் டேப். ஏழாம் நம்பர் விருந்தாளிக்கு.

"யார் டிவி முன்னாடி உக்காந்தாலும் அவங்கவங்க பட்டனை அமுக்கணும். எழுந்தா மறுபடி அமுக்கி அணைக்கணும். விருந்தாளி வந்தா ஏழு. ஆனா விருந்தாளிக்கு எடை கிடையாது."

"அப்படின்னா?"

"விருந்தாளி பாக்கலாம் சார். ரசிக்க முடியாது."

பிறகு ரிமோட்டை என் கையில் வைத்து உறுதிமொழி எடுக்கவைத்தார். பார்ப்பதை மட்டுமே அமுக்குவேன், அமுக்கியதை மட்டுமே பார்ப்பேன், நான் மக்கள் என்பதை மக்கள் யாரிடமும் சொல்லமாட்டேன். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நகரத்தில் இப்படி நூறு வீடு இருக்கிறது, ஒவ்வொரு வீடும் நாற்பதாயிரம் பேருக்குச் சமம் என்று விளக்கிவிட்டு டீ குடிக்காமல் போனார். டீ குடித்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

வினை அந்த வாரமே ஆரம்பித்தது. நாளெல்லாம் படியேறி இறங்கி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தேன். பட்டனை அமுக்கிவிட்டு, கைக்கு வந்த சேனலைப் போட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தொடர் ஒன்று மறு ஒளிபரப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வீட்டுச் சாவிக்கொத்தைத் திருடிவிட்டாள் என்று ஒரு மருமகள்மேல் பழி விழும். யார் எடுத்தது என்று அவளுக்குத் தெரியும். யாருக்கோ சத்தியம் செய்துகொடுத்துவிட்டதால் வாயைத் திறக்கமாட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு பகுதி வாயைத் திறக்காமலே போனது.

அந்த ஆரம்ப இசை காதில் விழுந்ததும் எனக்கு என்னமோ செய்தது. புல்லாங்குழலும், பின்னால் ஒரு பெண் ஆவென்று இழுக்கிற குரலும். அந்தக் காலத்தில் என் மகளுக்கு ஆறு வயசு. இந்த இசை கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவந்து என் மடியில் உட்கார்ந்துகொள்வாள். அவள் தலையில் எண்ணெய் வாசம் அடிக்கும். அவள் புருஷன் வீட்டுக்குப் போனபிறகு இந்தக் கூடம் ரொம்பப் பெரிதாகிவிட்டது. அதையெல்லாம் நினைத்துக்கொண்டே மூன்றாவது நிமிஷம் தூங்கிப்போனேன். எட்டு மணிக்கு மனைவி எழுப்பினாள்.

மறுநாளும் அதே சேனல், அதே இசை, அதே தூக்கம். நாள் முழுக்க நடந்த காலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஒரு மாதம் இப்படியே போனது. அந்தத் தொடரில் மூன்று நிமிஷத்துக்கு மேல் என்ன நடந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் பெட்டிக்குக் கண்ணா இருக்கிறது? அதற்குப் பட்டன்தான் தெரியும். நாற்பதாயிரம் பேர் தினமும் ஏழரைக்கு உட்கார்ந்து, இமை கொட்டாமல் பார்த்து, எட்டு மணிக்கு எழுந்ததாக அது எழுதிக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் வாரியத்தின் இயக்குநர் செய்தியில் தோன்றினார். "மக்கள் பழமையை நோக்கித் திரும்பிவிட்டார்கள்" என்று அறிவித்தார். "இது ஒரு பேரலை. மக்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை மக்களிடமே விட்டுவிட முடியாது. அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்."

அவ்வளவுதான். எல்லாச் சேனலும் பெட்டகத்தைத் திறந்து பழசை எடுத்து வெளியே விட்டது. சாவிக்கொத்துத் தொடருக்கு அவசர அவசரமாக இரண்டாம் பாகம் எடுத்து, அதே சேனலில் அதே ஏழரைக்குப் போட்டார்கள். அதே நடிகை, அதே மருமகள் வேஷம். அந்த அம்மாவுக்கு இப்போது அறுபது வயசு. மாமியாராக நடிப்பவருக்கு ஐம்பது. செய்தி வாசிக்கிறவர்கள்கூடப் பழைய பாணித் தலைவாரலோடு வந்து உட்கார்ந்தார்கள்.

என் கூட்டாளி ஒருவன் உண்டு. எனக்குப் பக்கத்து வட்டத்தில் ரீடிங் எடுக்கிறவன். மதியம் ஒரு மரத்தடியில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே பொரிந்து தள்ளினான்.

"எந்தச் சேனல் போட்டாலும் ஒரே அழுகைண்ணே. வீட்ல பிள்ளைங்க டிவியை விட்டுட்டு சுவரைப் பாத்து உக்காந்திருக்குது. இதை எவன்ணே பாக்கறான்? அவன் மட்டும் என் கையில கிடைச்சான், தோலை உரிச்சுடுவேன்."

"யாராவது பாப்பாங்க" என்றேன். என் டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டேன்.

என் தூக்கத்தால் ஊரே கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? ஒருநாள் துணிந்து ஏழு நாற்பதுக்குச் சேனலை மாற்றினேன். எட்டு பத்துக்குப் பட்டன்காரர் மூச்சிரைக்க வாசலில் நின்றார்.

"என்ன சார் ஆச்சு? நாற்பதாயிரம் பேர் ஒரே நொடியில எழுந்து போயிட்டாங்க."

"சும்மா, வேற என்ன ஓடுதுன்னு பாத்தேன்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். அதுல 'சும்மா'ன்னு எழுத முடியாது."

"ரிமோட் கை தவறி விழுந்துடுச்சுன்னு எழுதிக்கோங்க."

"நாற்பதாயிரம் ரிமோட் ஒரே நேரத்துல விழுந்துச்சுன்னு எழுதினா நிலநடுக்கமான்னு கேப்பாங்க சார்." கடைசியில் 'கணநேர மனச்சோர்வு' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இதைவிடக் கொடுமை அடுத்த வாரம் நடந்தது. அன்றைக்கு வயிறு சரியில்லை. நாடகத்துக்கு நடுவில் எழுந்தேன். உறுதிமொழி எடுத்தவனாயிற்றே, ஒழுங்காகப் பட்டனை அணைத்துவிட்டுப் போய், ஆறு நிமிஷம் கழித்து வந்து அமுக்கினேன். மறுநாள் நாடகத்தில் மாமனாருக்கு மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். விசாரித்தால், நான் எழுந்துபோன ஆறு நிமிஷமும் திரையில் அவர்தான் பேசிக்கொண்டிருந்தாராம். நாற்பதாயிரம் பேருக்கு அவரைப் பிடிக்கவில்லை என்று வாரியம் முடிவு கட்டிவிட்டது. அந்த நடிகருக்கு எழுபத்து மூன்று வயசு. ரொம்ப நாள் கழித்துக் கிடைத்த வேஷம் என்று பேட்டியில் கண்கலங்கினார்.

"ஒரு மனுஷனை அனுப்பி வச்சுட்டு வந்து கை கழுவறீங்க" என்றாள் என் மனைவி. அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். அதற்கப்புறம் ஏழரையிலிருந்து எட்டுவரை நான் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்கு மாதம் நெருங்கியது. தலைப்பிரசவம். டாக்டர் பயணம் செய்யக்கூடாதென்று சொல்லிவிட்டதால் அவளால் இங்கே வர முடியாது. நாங்கள்தான் போகவேண்டும், ரயிலில் எட்டு மணி நேரம். "அப்பா, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் இருக்காது" என்று போனில் சொன்னாள். கல்யாணமாகிப் போகும்போதுகூட அவள் இப்படிக் குழைந்து பேசினதில்லை. எனக்கு அன்றைக்கே கிளம்பிவிடலாம் போல இருந்தது.

ஆனால் ஒப்பந்தத்தில் வீடு காலியாக இருக்கக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. மீறினால் பெட்டியைக் கழற்றி, நான் எங்கே போய்த் தங்குகிறேனோ அந்த வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்துவார்களாம். பச்சைக் குழந்தை பிறக்கப்போகிற வீட்டில் இந்தச் சனியனா? இருவருக்கும் பதினைந்து நாள் விடுப்பு கேட்டு முறையாக மனு எழுதிக்கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பட்டன்காரர் பதிலோடு வந்தார்.

"உங்க மனு பெரிய சிக்கல்ல மாட்டியிருக்கு சார். உங்க பொண்ணுக்குப் பிரசவம்னா கணக்குல நாற்பதாயிரம் பிரசவம். இந்த நகரத்து ஆஸ்பத்திரியெல்லாம் சேத்தாலும் அத்தனை கட்டில் கிடையாது. நடக்க வாய்ப்பில்லாத காரணம்னு சொல்லித் திருப்பிட்டாங்க."

"எனக்கு ஒரே பொண்ணு, ஒரே குழந்தை."

"அது உங்க தனிப்பட்ட கருத்து சார்."

"என் வீட்டம்மாவாவது போகலாமா?"

பட்டன்காரர் கோப்பைப் புரட்டினார். "அவங்க தாராளமா போகலாம். இரண்டாம் நம்பர் இதுவரைக்கும் ஒரு தடவைகூட அமுக்கப்படலை. அதனால அவங்க இல்லை. இல்லாதவங்க போறதுல வாரியத்துக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது."

என் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணிமணியை எடுத்து வைக்கப் போனாள். ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, "நீங்க என்னங்க, அந்தப் பெட்டியை ஒரு மிதி மிதிச்சுட்டு வந்து ஏறுவீங்களா, அதை விட்டுட்டு" என்றாள். இருபத்தாறு வருஷம் அரசாங்கத்துக்குக் கைகட்டிப் பழகினவனுக்கு அந்தக் கால் எழுந்திருக்குமா? ரயில் போனபிறகு மணியைப் பார்த்தேன். ஆறரை. ஏழரைக்குள் வீட்டுக்கு ஓடினேன்.

ஒன்பது நாள் தனியாக இருந்தேன். சமைத்தேன், துவைத்தேன், ரீடிங் எடுத்தேன், ஏழரைக்கு உட்கார்ந்தேன். இப்போது தூக்கம்கூட வரவில்லை. கண்ணை மூடி, போன் எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டிருப்பேன். பத்தாம் நாள் ஏழு நாற்பத்தொன்றுக்கு அடித்தது. போன் ஜன்னல் பக்கம் சார்ஜில் கிடந்தது. நாற்காலியிலிருந்து நாலு எட்டு தூரம்.

எழுந்தால் பட்டனை அணைக்க வேண்டும். அணைத்தால் திரையில் இருக்கிறவருக்கு என்ன ஆகுமோ. திரையில் அப்போது ஒரு சின்னப் பெண் இருந்தாள். எட்டு வயசிருக்கும், மருமகளின் பேத்தியாக வருகிறவள். நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்து இழுத்து, கால் நீட்டி, வயரைக் கட்டைவிரலால் பற்றிப் போனை இழுத்தேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

"பொண்ணு பொறந்திருக்குங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள் மனைவி. பின்னால் குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. டிவியிலும் அதே நேரம் யாரோ அழுதார்கள். எது என் பேத்தி என்று எனக்குப் பிரித்துக் கேட்க முடியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இந்த ஜன்மத்தில் வந்ததில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறையில் மூன்று பெரிய டிவிகள், மூன்றின்மேலும் துணி போட்டு மூடியிருந்தது. இயக்குநர் அறையில் டிவியே இல்லை. என் கண் போன இடத்தை அவர் கவனித்துவிட்டார்.

"நான் பாக்கறதில்லை. வீட்லயும் கிடையாது" என்றார் பெருமையாக. "ரசனையை அளக்கறவனுக்கு ரசனை இருந்துடக் கூடாது. இருபது வருஷமா எனக்கு எதுவுமே பிடிச்சதில்லை. அப்படித்தான் இந்தப் பதவிக்கு வந்தேன்."

அவருக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு நகரத்தின் வரைபடம். அதில் நூறு சின்ன விளக்குகள். தொண்ணூற்றொன்பது பச்சை. அவை அசையாமல் எரிந்தன. ஒன்றே ஒன்று சிவப்பு, மினுக் மினுக்கென்று இருந்தது.

"அந்தச் சிவப்பு?" என்று கேட்டேன்.

"அது நீங்கதான். எங்களுக்கு இருக்கற ஒரே தலைவலி. ஏறுது, இறங்குது, மனச்சோர்வுங்குது, பிரசவம்ங்குது. மத்தவங்களைப் பாருங்க, எவ்வளவு ஒழுங்கு."

"அவங்க எல்லாரும் தினமும் உக்காந்து பாக்கறாங்களா?"

"பெட்டியிலேருந்து தகவல் வராத வீடுங்க அதெல்லாம். சிலது பழுது. சிலது எலி கடிச்சது. அந்த ஓரத்துல இருக்குது பாருங்க, அந்த வீட்டை ரோடு போடறதுக்கு இடிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு. வீடு இல்லை, ஆனா சராசரி இருக்கு. தகவல் நின்னுபோச்சுன்னா கடைசி மூணு மாச சராசரியை எங்க இயந்திரம் தானா போட்டுக்கும். எங்க முறையிலேருந்து யாரும் தப்ப முடியாது. நாங்க யாரையும் விட்டுடறதில்லை." சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

டோர் லாக். நான் இருபத்தாறு வருஷமாக எழுதுகிற அதே டோர் லாக். அப்படியென்றால் மொத்த நகரத்திலும் நிஜமாக இருக்கிற ஒரே வீடு என்னுடையதுதான். நான் ஒருவன்தான் மக்கள். நானும் தூங்கிக்கொண்டிருந்தேன். நாய்க்குப் பயந்து மூன்று வருஷமாக உள்ளே போகாமலே சராசரி போட்டுவந்த ஒரு வீடும் எனக்கு ஞாபகம் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"தகவல் நின்னுபோச்சுன்னா யாராவது வந்து பாப்பாங்களா சார்?"

"எதுக்கு வரணும்? மாறினாத்தான் பிரச்சினை. நின்னுபோச்சுன்னா நிம்மதி."

நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். விடுப்பு மனுவை மறுபடி நீட்டக்கூட இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஏழு இருபத்தொன்பதுக்கு, வாசல் பக்கம் போய் எங்கள் வீட்டு ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினேன். பில் கட்டாதவர்கள் வீட்டில் எத்தனையோ தடவை பிடுங்கியிருக்கிறேன், இத்தனை சந்தோஷமாகப் பிடுங்கியதில்லை. பெட்டியில் விளக்கு அணைந்தது. இருட்டில் உட்கார்ந்து எட்டே கால் வரை காத்திருந்தேன். பட்டன்காரர் வரவில்லை.

விடிந்ததும் கூட்டாளிக்குப் போன் செய்தேன். பத்து நாள் என் வட்டத்தைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "பாக்கறதென்னண்ணே, உங்க வட்டம் மொத்தத்துக்கும் டோர் லாக் போட்டுடறேன். போய்ப் பேத்தியைக் கொஞ்சிட்டு வாங்க" என்றான். அறுநூறு வீட்டையும் ஒரே வார்த்தையில் பூட்டிவிட்டான். ரயில் ஏறினேன்.

பேத்திக்கு மூக்கு என் மகளுடையது. கையில் வாங்கினபோது விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் வாய்விட்டு அழுதேன். என் மனைவியும் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். மருமகன் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏழரை ஆயிற்று. புல்லாங்குழலும் அந்த ஆவென்ற குரலும் வந்தன. மகள் ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு சேனலாக மாற்றினாள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பழைய அழுகை.

"இதையெல்லாம் எவன்பா உக்காந்து பாக்கறான்?" என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா அப்படிச் சொல்றே? சின்ன வயசுல நீ இதை விழுந்து விழுந்து பாப்பியே."

"நானா? எனக்கு அந்தப் பொம்பளை அழறதே பிடிக்காதுப்பா. நீங்க காலையில போனா சாயங்காலம்தான் வருவீங்க. வந்தாலும் ஒரு இடத்துல உக்கார மாட்டீங்க. அந்த அரை மணி நேரம்தான் உக்காருவீங்க. அதுக்காகத்தான் ஓடிவந்து மடியில உக்காருவேன். நீங்க ஆசையா பாக்கறீங்களேன்னு வாயைத் திறக்கலை."

"நானும் ஆசையா பாக்கலைம்மா. உனக்குப் பிடிச்சிருக்கேன்னுதான் உக்காந்திருந்தேன்."

குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிறுத்திவிட்டாள். "நல்லா இருக்குதுடி உங்க நியாயம். அப்பனுக்கும் பொண்ணுக்கும் உசுருன்னு நினைச்சு, அந்த அரை மணி நேரமும் குறுக்க வராம அடுப்படியிலேயே நின்னுட்டு இருந்தேனே நான். எனக்கும் உங்களோட வந்து உக்காரணும்னு இருக்காதா?"

மகள் டிவியை அணைத்தாள். பேத்தி என் மடியில் தூங்கிவிட்டிருந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தத் தொடர் யாருக்கும் பிடித்ததில்லை, அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை, அதை வாரியத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கழற்றச் சொல்லவேண்டும். பிறகு இங்கேயே வந்து ஒரு மாதம் இருக்கவேண்டும். பத்தாம் நாள் ஊருக்குத் திரும்பினேன். மனைவி மகளோடு இருந்துவிட்டாள்.

வீட்டைத் திறந்து ஃப்யூஸ் கட்டையைச் சொருகியதும் பெட்டி உயிர் பெற்றது. மணி ஏழுகூட ஆகவில்லை. ஆனால் ஒன்றாம் நம்பர் விளக்கு தானாகவே எரிந்தது. டிவியும் தானாகவே அந்தச் சேனலுக்குப் போய் நின்றது. பட்டனை அமுக்கி அணைத்தேன். அணையவில்லை. மறுபடி அமுக்கினேன், முஷ்டியால் குத்தினேன். அரை மணி நேரத்தில் பட்டன்காரர் வந்தார்.

"யாரு சார் ஒண்ணாம் நம்பரைத் தொந்தரவு பண்றது?"

"நான்தான். அது என் பட்டன். பத்து நாளா நான் ஊர்லயே இல்லை. ஃப்யூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டேன். அதுக்கு முன்னாடியும் நான் பாக்கலை, தூங்கிட்டிருந்தேன். என் பொண்ணும் பாக்கலை. யாருமே பாக்கலை. எழுதிக்கோங்க."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பட்டன்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இயக்குநருக்குப் போன் செய்து தள்ளி நின்று பேசிவிட்டு வந்தார்.

"ஒண்ணாம் நம்பர் இந்தப் பத்து நாளும் ஒரு நிமிஷம்கூட எழுந்திருக்காம பாத்திருக்கார். ஆபீஸ் மேப்ல அவரோட விளக்குகூட பச்சையா மாறிடுச்சு. அவருக்குச் சிறந்த பார்வையாளர்னு சான்றிதழ் வந்திருக்கு. அவர் உள்ள உக்காந்திருக்கும்போது நீங்க வெளியூர்லேருந்து வரீங்கன்னா, நீங்க அவரா இருக்க முடியாதுன்னு இயக்குநர் சொல்றார்."

"அப்போ பெட்டியைக் கழட்டுங்க."

"அதுக்கு ஒண்ணாம் நம்பர் கையெழுத்துப் போடணும் சார்."

"இப்பவே போடறேன், கொடுங்க."

"நீங்க போட்டா செல்லாது."

அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு உங்களைத் தெரியும் சார். ஆனா எனக்குத் தெரியறதெல்லாம் வாரியத்துக்குத் தெரியணும்னு கட்டாயம் இல்லையே."

பையிலிருந்து சான்றிதழை எடுத்தார். என்னிடம் நீட்டப்போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, அதை என் நாற்காலியில் பதமாக நிமிர்த்தி வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபத்தெட்டு.

"இருக்கறதா இருந்தா பட்டன் அமுக்கணும் சார்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஏழு."

அமுக்கினேன். நாற்காலியில் சான்றிதழ் இருந்ததால் ஓரத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பட்டன்காரர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மகளிடமிருந்து போன் வந்தது. இப்போது நான் எழுந்துபோனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதால் தாராளமாக எழுந்துபோய் எடுத்தேன்.

"எப்பப்பா வரீங்க?" என்றாள்.

"இங்க ஒருத்தர் இருக்கார்மா. அவர் எழுந்ததும் கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தத் தொடரைத் தூங்காமல் அரை மணி நேரமும் பார்த்தேன். சுத்தக் கண்றாவி. ஆனால் ஒன்றாம் நம்பருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்.